மூலை அறைக்கு மேலே இருந்த கறை

கூட்டத்தில் எழுந்து நின்று பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தந்துவிடுகிறேன், உங்களில் யாராவது வாசித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

கறை எடுக்கிற வேலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. நீங்கள் மோட்டார் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சுகிறீர்கள். எந்தக் கறைக்கு எது என்று கேனிலேயே படம் போட்டிருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. ஒரு வீட்டு ஓட்டில் இருந்த கறையை எடுக்கப் போய், அந்த ஓட்டுக்குக் கீழே படுத்திருந்த ஒரு பெண்ணையும் அவள் பெற்ற ஏழு நாள் பிள்ளையையும் நான் கொன்றிருப்பேன். கொல்லவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பயந்துகொண்டே கேட்க வேண்டாம். இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போனதை நானே என் கண்ணால் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. மதுரையைச் சுற்றி அப்போது ஓட்டு வீடுகள் நிறைய. ஆவணி பிறந்தால் எங்களுக்கு வேலை வந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடுகளைப் பார்த்து, உடைந்ததை மாற்றி, பாசியையும் கரியையும் தேய்த்துக் கழுவித் தர வேண்டும். மேஸ்திரி ஒருவர், அவருக்குக் கீழே நான். பெரிய வேலையாக இருந்தால் இன்னும் இரண்டு ஆள் பிடிப்பார். சித்தாளாகத்தான் சேர்ந்தேன். ஆனால் ஒல்லியான ஆள், ஓட்டின் மேல் நடந்தால் உடையாது என்று என்னை மேலே ஏற்றிவிட்டார். சேலையை இழுத்துச் செருகி, மேலே ஒரு ஆம்பிளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறுவேன். கீழே நிற்பவர்கள் சிரிப்பார்கள். மேலே இருக்கும்போது அது காதில் விழாது. எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேஸ்திரி பெயரை எழுதப்போவதில்லை. நல்ல மனுஷர், வேலை தெரிந்தவர். ஆனால் வாய் சும்மா இருக்காது. யாரையாவது கேலி பண்ணிக்கொண்டே இருந்தால்தான் அவருக்குக் கை ஓடும். நான் பேசாத ஆள் என்பதால் எனக்கு 'ஊமைக்கொட்டான்' என்று பட்டம்.

அந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு ஓட்டுக் கட்டிடத்தில் வேலை. பாசி காய்ந்து கல் மாதிரி பிடித்திருந்தது. தேங்காய் நாரை வைத்துத் தேய்த்துத் தேய்த்து விரல் தோல் போனதுதான் மிச்சம். எனக்கு ஒரு யோசனை வந்தது. வாயைத் திறந்து சொன்னேன்: "அண்ணே, தகரத்த வச்சுச் சொரண்டிப் பாக்கலாமா?" அவர் வேறு நினைப்பில் இருந்தார், சரி என்றார். அழகாக வந்தது. ஓடு புதிதுபோலச் சிவந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். முதல் மழைக்கே ஆள் அனுப்பிவிட்டார்கள். சுரண்டின இடமெல்லாம் ஓட்டின் தோல் போய், தண்ணீரைக் குடித்து, உள்ளே சொட்டுப் போட்டிருந்தது. ஓட்டுக்கும் தோல் உண்டு. கறை போனால் போதும் என்று தோலை உரித்துவிட்டால் அப்புறம் அது ஓடு இல்லை, மண்.

மேஸ்திரி ஓடுகளை மாற்றிக் கொடுத்து அவர்களைச் சமாதானம் செய்துவிட்டார். ஆனால் என்னை விடவில்லை. ஒரு வருஷம் முழுக்க எந்த வீட்டுக்குப் போனாலும், "யோசனை சொல்ற ஆளக் கூட்டியாந்திருக்கேன், கொட்டாம்பட்டியே இவளுக்குக் கோயில் கட்டப் போகுது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மனசில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் அன்றோடு யோசனை சொல்வதை நிறுத்திவிட்டேன். யோசனை வருவது மட்டும் நிற்கவில்லை. இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

செல்லூரில் ஒரு நெசவுக்காரர் வீடு. சந்து மாதிரியான தெரு. ஒரு மாட்டுவண்டி போனால் எதிரே சைக்கிள் வர முடியாது. அந்த வீட்டம்மாவின் மகள் சரசு தலைப்பிரசவத்துக்கு வந்து, பெண் பிள்ளை பெற்று ஆறு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் பேர் வைக்க வருகிறார்கள். அதற்குள் ஓட்டைக் கழுவித் தர வேண்டும். மற்ற இடமெல்லாம் சாதாரணப் பாசிதான். தெருவைப் பார்த்த மூலையில் மட்டும், ஒரு பாய் விரித்த அகலத்துக்கு, கன்னங்கரேல் என்று ஒரு கறை. பக்கத்து வீட்டின் தெருப்பக்கத்தில் சாயம் காய்ச்சுகிற அடுப்பு. வருஷக்கணக்காக அந்தப் புகை அந்த மூலையில்தான் வந்து மோதியிருக்கிறது.

வீட்டம்மா அந்தக் கறையைக் காட்டிச் சொன்னார்கள்: "தெருவுக்குள்ள நுழைஞ்சதும் மொதல்ல கண்ணுல படுறது இதுதான் மேஸ்திரி. அவுக வீடு மச்சு வீடு. எங்களால மச்சு கட்ட முடியாது. ஓடாச்சும் செவப்பா இருக்கட்டும்."

"அம்மா, பதினாறாம் நாளு வாரவுக புது வீடான்னு கேப்பாக," என்றார் மேஸ்திரி.

"தண்ணி உள்ள எறங்காதுல்ல? அந்த மூலை ரூம்புலதான் பிள்ளை பெத்தவ படுத்திருக்கா."

"ஒரு சொட்டு எறங்காது. நான் பொறுப்பு."

தண்ணீரைப் பற்றி அவர்கள் கேட்டார்கள், தண்ணீரைப் பற்றி அவர் சொன்னார். மேலே நாங்கள் வேறு எதையெல்லாம் ஊற்றப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது, கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும், சொல்லவில்லை. அதிலேயே பாதித் தப்பு நடந்துவிட்டது.

முதல் நாள் முழுக்க அந்த மூலையோடு மல்லுக்கு நின்றோம். நார், சோப்புத்தூள், செங்கல்தூள், ஒன்றுக்கும் அசையவில்லை. சாயங்காலம் மேஸ்திரி இறங்கி, இடுப்பில் இருந்த மட்டையை எடுத்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, "இது பாசியும் இல்ல, கரியும் இல்லத்தா. ரெண்டும் கூட்டாளி சேந்து ஓட்டுக்குள்ளயே குடி போயிருச்சு. நாளைக்கு ஆசிட்டுதான்," என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆசிட் என்றதும் கொட்டாம்பட்டித் தகரம் ஞாபகம் வந்தது. இதுவும் தோலைத் தின்றுவிடுமோ என்று பயம். அதோடு எனக்கு ஒரு யோசனையும் இருந்தது. திருநகரில் ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியபோது மிஞ்சின பிளீச்சிங் பவுடர் என்னிடம் ஒரு பொட்டலம் இருந்தது. அந்தத் தொட்டியில் கறுப்பாக ஒட்டியிருந்ததெல்லாம் அதற்கு வெளுத்ததைப் பார்த்திருந்தேன். மேஸ்திரியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கொட்டாம்பட்டிக் கோயிலை இந்தத் தெருவிலும் கட்டுவார்.

மறுநாள் காலையில் அவருக்கு முன்னால் போய்விட்டேன். பவுடரைத் தண்ணீரில் குழைத்து அந்தக் கறை முழுக்கத் தடவினேன். காயாமல் இருக்க நனைத்த சாக்கை மேலே போட்டு மூடினேன். ஆசிட் வாங்கிக்கொண்டு அவர் வர மத்தியானம் ஆகும், அப்போது சாக்கை எடுத்தால் கறை வெளுத்திருக்கும், அவரே பார்த்துக்கொள்ளட்டும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. இதுதான் என் கணக்கு. பேசப் பயந்தவர்கள் போடுகிற கணக்கு இது. நாம் பேச வேண்டாம், வேலையே பேசட்டும் என்று விட்டுவிடுவோம். வேலை பேசும் பிள்ளைகளா. ஆனால் அது நம் சார்பாகத்தான் பேசும் என்று நினைக்காதீர்கள்.

எட்டு மணி வாக்கில் மேஸ்திரி வந்தார். கையில் ஆசிட் ஜாடி. அன்றைக்குத் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன் நீளநீளமான நூலையெல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, நடுநடுவே குச்சி கொடுத்துத் தாங்கி, கஞ்சி தடவி, பெரிய பிரஷால் நீவிவிடுவார்கள். அதுதான் பாவு. அன்றைய பாவு எதிர்வீட்டு அண்ணனுடையது. கஞ்சி காய்கிறவரை அந்தப் பாவைத் தாண்டி யாரும் குறுக்கே போக மாட்டார்கள். ஒரு இழை அறுந்தால் அன்றைய வேலை போச்சு. வீட்டுச் சுவருக்கும் பாவுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம் இருந்தது.

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். "ஏத்தா, அடிகுழாயில ரெண்டு குடம் பிடிச்சு வையி. நேத்து நம்மள மொறைச்சவன இன்னைக்கு ஒரு கை பாத்துருவோம்."

"அண்ணே," என்றேன்.

"என்ன?"

வீட்டம்மா வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டு அண்ணன், பிரஷ் பிடித்த நாலைந்து பேர், எல்லாரும் அங்கேதான். எல்லார் கண்ணும் என் மேல் இருப்பதுபோலத் தோன்றியது.

"ஒண்ணுமில்லண்ணே. தண்ணி கொண்டு வாரேன்."

ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. திட்டு விழும், கேலி விழும், அவ்வளவுதான் என் பயம். அதற்காக அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டுக் குடத்தைத் தூக்கினேன்.

இரண்டாவது குடம் நிறைகிறபோது மேலேயிருந்து இருமல் கேட்டது. மேஸ்திரி சாக்கை உருவி எறிந்திருக்கிறார். அடியில் வெள்ளையாக இருந்ததை நேற்றைய சோப்புத்தூள் என்று நினைத்திருக்கிறார். மூக்குப்பொடி போடுகிறவருக்கு வாசனை எங்கே தெரியும். ஜாடியைச் சாய்த்துவிட்டார்.

குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மேஸ்திரி ஏணியில் பாதி இறங்கியும் பாதி சறுக்கியும் வந்து விழுந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை. மேலே பார்த்தேன். ஓட்டின் மேல் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மஞ்சளும் பச்சையும் கலந்தமாதிரி ஒரு புகை. மூக்கில் ஏறியதும் தொண்டையில் கத்தி வைத்ததுபோல இருந்தது.

புகை என்றால் மேலே போகும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். இது போகவில்லை. ஓட்டின் மேலேயே கிடந்தது. தண்ணீர் மாதிரிச் சரிந்து, ஓட்டு விளிம்பான இறவாணத்தில் வழிந்தது. ஓட்டுக்கு ஓடு இருக்கிற இடுக்கிலெல்லாம் உள்ளே இறங்கியது. அந்த வீட்டுக்குச் சீலிங் கிடையாது. ஓட்டுக்குக் கீழே நேரே அந்த அறைதான்.

உள்ளே சரசு இருமினாள்.

நான் வாசலுக்கு ஓடினால், வீட்டம்மா மூலை அறைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் காற்று படக்கூடாது என்று அந்த அறையின் ஜன்னலை ஏழு நாளாக அடைத்துத்தான் வைத்திருந்தார்கள். இப்போது கதவடியில் இருந்த இடுக்கிலும் பழைய சேலையைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஏதோ புகை, அது உள்ளே போய்விடக் கூடாது என்று. மகள் மேல் உயிரை வைத்திருந்த தாய், மகளை விஷத்தோடு சேர்த்து அடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கதவத் தொறங்க."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போ பிள்ள அங்கிட்டு. பொகை உள்ள வந்துரும்."

"தொறங்கம்மா, அவுகள வெளிய கொண்டாரணும்."

"கூறு இருக்கா ஒனக்கு? பச்ச ஒடம்புக்காரிய தெருவுக்குக் கொண்டாரதா? சன்னி பிடிச்சா நீயா வந்து பாப்ப?"

உள்ளே இருமல் நிற்கவில்லை. மேஸ்திரி வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "தண்ணி, தண்ணிய மேல ஊத்துங்க," என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் சொல்லைத்தான் எல்லாரும் கேட்டார்கள், இரண்டு பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏணிக்கு ஓடினார்கள். அவர் சொன்னதும் தப்பில்லை. ஆனால் அது அப்புறம் செய்ய வேண்டியது.

நான் சொன்னால் அந்த அம்மா ஏன் கேட்க வேண்டும்? சித்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். அவர்களை நம்ப வைக்க என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நான் செய்த தப்பு. அதைச் சொன்னால்தான் கதவு திறக்கும் என்று அப்போது எனக்குப் பட்டது.

"அம்மா, அது வெறும் பொகை இல்ல. விஷம். நாந்தான் வச்சேன்."

திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருட்டயும் கேக்காம காலையில நான் ஒரு மருந்து தடவுனேன். அண்ணனுக்குத் தெரியாது. அவரு மேல ஆசிட்ட ஊத்திட்டாரு. ரெண்டும் சேந்துருச்சு. அது வாசல் வழியா வரலம்மா. ஓட்டு வழியா எறங்குது. ரூம்புக்குள்ள நெறையுது. நீங்க அடைக்க அடைக்க உள்ளேதான் நிக்கும்."

கத்தித்தான் சொன்னேன் போலிருக்கிறது. தெருவில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். மேஸ்திரி கண்ணைக் கசக்கின கையை எடுத்து என்னைப் பார்த்தார்.

வீட்டம்மா திணித்த சேலையைப் பிடித்து இழுத்தார்கள், கதவைத் தள்ளினார்கள். உள்ளே மூச்சு விட முடியவில்லை. சரசு கட்டிலில் பிள்ளையை நெஞ்சோடு பொத்திக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். குடத்துத் தண்ணீர் பட்டு என் முந்தானை ஈரமாக இருந்தது. அதைப் பிள்ளை முகத்துக்குமேல் கூடாரம் மாதிரிப் பிடித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். அவள் அம்மா அவளைத் தாங்கிக்கொண்டார்கள். வாசலுக்கு வந்தோம்.

வந்தால் அங்கேயும் நிற்க முடியவில்லை. இறவாணத்திலிருந்து வழிந்த புகை எங்கள் பக்கத்துச் சுவரோரமே கிடந்தது. காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. எதிர்ப்பக்கம் போக வேண்டும். நடுவில் பாவு.

"அண்ணே, பாவத் தூக்குங்க," என்றேன்.

எதிர்வீட்டு அண்ணனுக்கு ஒரு நொடி முகம் மாறியது. கஞ்சி ஈரம் காயாத பாவு. பிள்ளை பெற்ற தீட்டோடு ஒருத்தி. இரண்டும் அவர் மனசில் ஓடியிருக்கும். அப்புறம் அவர் தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? குச்சியோட தூக்கு. ஏய், அங்கிட்டு முடிச்ச அவுத்துவிடு. மாப்ள, நீ நடுவுல பிடி."

தெருவின் இரண்டு முனையிலும் கட்டிய முடிச்சை நெகிழ்த்தி, நடுவில் ஆறு பேர் குச்சிகளை மேலே தூக்கிப் பிடித்தார்கள். மஞ்சள் நூல் பந்தல் மாதிரி எழும்பியது. அதற்கு அடியில் நான் பிள்ளையோடு குனிந்து போனேன். பின்னால் சரசுவும் அவள் அம்மாவும் வந்தார்கள். ஒரு இழைகூட அறுந்த சத்தம் கேட்கவில்லை. அப்புறம் கேள்விப்பட்டேன், அறுந்ததாம், பன்னிரண்டு இழை. அந்த அண்ணன் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டார்களாம். எங்களிடம் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்வீட்டு வாசலில் பிள்ளையை இறக்கி முந்தானையை எடுத்தேன். பிள்ளை அழவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முகம் கறுத்துப்போயிருந்தது.

அந்த நேரத்தை என்னால் இன்னும் எழுத முடியவில்லை. எதிர்வீட்டு அண்ணன் மனைவி பிள்ளையை என் கையிலிருந்து வாங்கி, தன் முழங்கையில் குப்புறப் படுக்க வைத்து, முதுகைக் கீழிருந்து மேலாக நீவினார்கள். "வாடி, வாடி என் தங்கம், வந்துரு," என்று அவர்கள் சொன்னது மட்டும் காதில் இருக்கிறது. சரசு இருமிக்கொண்டே கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை தும்மியது. இன்னொரு தும்மல். அப்புறம் வீல் என்று அழுதது.

ஏழு நாள் பிள்ளை அழுவதைக் கேட்டு ஒரு தெருவே சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்று சிரித்தார்கள். "டேய், கையி ஆடுது, எறக்குங்கடா," என்றார் ஒருவர். "அழட்டும், நல்லா அழட்டும்," என்று வீட்டம்மா சொல்லிக்கொண்டே அழுதார்கள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தெருமுனையில் இருந்த லேடி டாக்டரைக் கூட்டிவந்தார்கள். கண்ணைக் கழுவி, நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். இரண்டு பேருக்கும் பயமில்லை என்றார். இன்னும் கால் மணி அந்த அறைக்குள் இருந்திருந்தால் என்று தொடங்கியவர், வீட்டம்மா முகத்தைப் பார்த்து அதை முடிக்காமல் விட்டார். "காத்தோட்டமா படுக்க வைங்கம்மா, அந்த ஜன்னல் என்ன குத்தம் பண்ணுச்சுன்னு அடைச்சு வச்சிருக்கீங்க," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வீட்டம்மா என்னைத் திட்டினார்கள். அதை மறைக்கக் கூடாது. தெரு கேட்க, அடுக்கடுக்காகத் திட்டினார்கள். அத்தனைக்கும் நான் தகுதியானவள்தான். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். முடித்ததும் உள்ளே போனார்கள். திரும்பி வந்து ஒரு டம்ளர் காப்பியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், "குடி. தொண்டை காந்தும்," என்றார்கள்.

மேஸ்திரிக்குக் கண் இரண்டும் கோவைப்பழம். மேலே தண்ணீர் ஊற்றி ஊற்றி நுரை அடங்கி, வாசனை போன பிறகு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னத்தத் தடவுன?"

"பிளீச்சிங் பவுடர்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்பீங்கல்ல."

அவர் ஈரத்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"சிரிச்சுத்தான் இருப்பேன்," என்றார். "ஊத்தியிருக்க மாட்டேன்."

இதைவிடப் பெரிய புத்தி எனக்கு யாரும் சொன்னதில்லை. கேலி பண்ணட்டும் பிள்ளைகளா. கேலியில் யாருக்கும் மூச்சு அடைக்காது. உங்களுக்குள் கேலி பண்ணுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சிரித்ததை அன்றே மறந்துவிடுவீர்கள். பேசாமல் நிற்கிற ஆள் அதை ஒரு வருஷம் சுமந்துகொண்டு வந்து, ஒரு நாள் உங்கள் தலைக்குமேலேயே இறக்கி வைப்பாள். மேஸ்திரி அன்றோடு கொட்டாம்பட்டியை விட்டுவிட்டார். பட்டத்தையும் விட்டுவிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவருக்குத் தெரியாத வித்தை.

கறை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போகவில்லை. அவ்வளவு நடந்தும் அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. மறுநாள் மேஸ்திரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி மாப்ள, நீ செயிச்ச," என்று ஓட்டிடமே சொன்னார். பிறகு அந்த மூலை ஓடுகளை ஒவ்வொன்றாக உருவி, கொல்லைப்பக்கச் சரிவில் கொண்டுபோய்ப் போட்டோம். அங்கே வெயில் பட்டுப் பழசாகியும் சிவப்பாக இருந்த ஓடுகளை எடுத்து முன்பக்க மூலையில் அடுக்கினோம். ஒரே வயசு ஓடு, நிறம் ஒத்துப்போனது. ஒரு சொட்டு மருந்து தேவைப்படவில்லை. முதல் நாளே செய்திருக்கலாம். கறையை ஜெயித்தே தீர வேண்டும் என்ற வீம்பில் அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஓடு மாற்றுகிறபோது அறையில் யாரும் இல்லை. நானே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். சரசு பின்கட்டில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு தூங்கியது. வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சரசு கண்ணைத் திறந்து, "நல்லாத்தான் இருக்கா, போங்கக்கா," என்று சிரித்தாள்.

அந்த வாரக் கடைசியில் திருநகரில் ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போனோம். சாதாரணப் பாசி, சோப்புத்தூள் வேலை. காலையில் நான் முன்னால் ஏறித் தடவிவிட்டு இறங்கி நின்றேன். மேஸ்திரி வந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மேல என்ன போட்டிருக்க?"

"சோப்புத்தூளு."

"கேக்கல."

வாத்தியாரும் அவர் வீட்டம்மாவும் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடானது.

"சோப்புத்தூளுண்ணே."

"கேக்கலத்தா. கீழ ரூம்புல யாரு?"

"சோப்புத்தூளு மட்டுந்தாண்ணே போட்டிருக்கேன். கீழ யாரும் இல்ல. ரெண்டு ரூம்பும் பாத்துட்டேன், ஜன்னல் தொறந்திருக்கு."

தெருவில் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி தலையை ஆட்டினார். அதற்கப்புறம்தான் ஏணியில் கால் வைத்தார்.